மடக்குக் கத்தியும் மடக்கெழுத்தாணியும்

மடக்குக் கத்தி என்றவுடன் நம் மாணாக்கர்க்கு நினைவில் எழுவது கடைகளில் அட்டையிற் கோத்துத் தொங்கவிடப்பட்டிருக்கும் பிறநாட்டுப் பேனாக்கத்தியேயாம். 'பேனாக்கத்தி' என்னும் பெயரே அதன் பிறப்பைச் சொல்லிவிடும். மேனாட்டார் பறவை இறகாற் பேனாச் செய்து எழுதிய காலத்தில், அவ்விறகின் முனையைச் சீவுதற்கென மேசையில் வைத்திருந்த சிறு கத்தி அது. இறகு போயிற்று, பெயர் மாத்திரம் நிலைத்தது. எழுதுகோலும் கத்தியும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாதிருந்த காலம் இங்கிலாந்துக்கு மட்டும் உரியதன்று. யப்பானியர்க்கும் இருந்தது, கண்டி நாட்டார்க்கும் இருந்தது, தமிழர்க்கும் இருந்தது. தமிழர் அவ்விரண்டையும் ஒரே கைப்பிடிக்குள் மடக்கி வைத்தனர். அதன் பெயர் மடக்கெழுத்தாணி. அக்கருவியின் அமைப்பையும், அதனைச் செய்த கை எத்தகையது என்பதையும், அதன் உறவுக் கருவிகள் சிலவற்றையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் யப்பானியக் கத்தியைக் காண்போம். இன்று உலகம் நன்கறிந்தது அதுவே. யப்பானின் ஹியோகோ மாநிலத்தில் மிகி என்றொரு நகரம் உண்டு. 1578 முதல் 1580 வரை நடந்த கோட்டை முற்றுகையிற் பாழான அந்நகரை மீளக் கட்டுதற்குத் தச்சர் திரண்டனர் என்றும், அவர்க்கு உளியும் வாளும் செய்து கொடுக்க வந்த கொல்லராலே அங்கே கருவித் தொழில் வேரூன்றியது என்றும் கூறுவர். இம்மிகி நகரிலேதான் 1890களில் 'ஹிகோனோகமி' என்னும் மடக்குக் கத்தி தோன்றியது. ஹிகோ என்பது குமமோட்டோப் பகுதியின் பழம்பெயர். ஹிகோ நாட்டுத் தலைவன் என்னும் ஒரு பிரபுவின் பட்டமே கத்திக்குப் பெயராயிற்று. பெயர் பெரிது, பொருளோ மிக எளிது. ஒரு பித்தளைத் தகட்டையோ இரும்புத் தகட்டையோ நீளவாக்கில் மடித்தால் அதுவே பிடியும் உறையும் ஆகின்றது. அதனுள்ளே ஓர் அலகு. அலகையும் பிடியையும் ஒரே ஒரு தறையாணி பிணைக்கின்றது. அலகின் அடியிலிருந்து வால்போல நீண்டு நிற்கும் சிறு நெம்பைப் பெருவிரலால் அழுத்த அலகு வெளிவரும். வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. பிடித்திருக்கும் விரலே பூட்டு.

அலகின் அமைப்பு இன்னும் நுட்பமானது. நடுவிலே கடினமான எஃகு. இருமருங்கும் மென்மையான இரும்பு. தோசைக்கு நடுவே மசாலை வைத்து மடிப்பது போல எஃகை இரும்பின் நடுவே வைத்து உலையிற் காய்ச்சி ஒன்றாக அடித்துவிடுகின்றனர். சாணை பிடிக்கும்போது இருபுறத்து மென்னிரும்பு எளிதிற் தேயும். நடுவில் நிற்கும் எஃகு கூர்மையை ஏந்திக்கொள்ளும். இக்கத்தியைக்கொண்டு யப்பானியப் பள்ளிச் சிறுவர் இரண்டு மூன்று தலைமுறையாகப் பென்சில் சீவினர். 1960ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 12ஆம் நாள் சோசலிசக் கட்சித் தலைவர் அசனுமா மேடையிலேயே ஓர் இளைஞனாற் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலை இக்கத்தியால் நிகழ்ந்ததன்று. ஒரு குறுவாளால் நிகழ்ந்தது. ஆயினும் சிறுவர் கையிற் கத்தியே கூடாது என்னும் இயக்கம் அதன்பின் நாடெங்கும் பரவியது. பென்சில் சீவும் பொறியும் வந்து சேர்ந்தது. ஒருகாலத்தில் மிகியிற் பல பட்டறைகள் செய்த இக்கத்தியை அப்பெயர் பொறித்துச் செய்யும் உரிமையுடன் எஞ்சி நின்றது ஒரே பட்டறை என்பர்.

இக்கத்தி எளியோர் கத்தி. ஆனால் அதற்கு முன்னோன் ஒருவன் உண்டு, அவன் செல்வன். சாமுராய் வீரரின் வாளுறையின் பக்கத்தில் ஒரு சிறு பள்ளம் அமைத்து அதிலே ஒரு சிறு கத்தியைச் செருகி வைப்பர். அதன் பிடியை 'கொசுக்கா' என்பர். கடிதக் கட்டை அறுத்தல் முதலிய சில்லறைக் காரியங்களுக்கே அக்கத்தி பயன்பட்டது. எனினும் அதன் பிடியிலே காட்டிய உலோக வேலை வாளின் வேலைக்குச் சற்றும் குறைந்ததன்று. மீன்முட்டை பரப்பினாற்போலப் புள்ளி புள்ளியாக நிலத்தை அடித்து, அதன்மேற் பூவும் பறவையும் புடைத்தெழச் செய்வது கோத்தோ குடும்பத்தார் வழிவழி பேணிய முறை. செம்பிலே சிறிதளவு பொன் கலந்து ஒரு கலவை ஆக்குவர். அதனைச் சில உப்புக்கள் கரைந்த நீரிலே கொதிக்கவைத்தால் காக்கைச் சிறகுபோல் நீலங்கலந்த கருமை கொள்ளும். செம்பும் வெள்ளியும் கலந்தால் சாம்பல் நிறம். அகித்தா நாட்டுச் ஷோவாமி தென்பே (1651 - 1728) என்பார் வெவ்வேறு நிற உலோகத் தகடுகளை அடுக்கி ஒட்டி அடித்து, மரத்தின் வைரவரிபோல் உலோகத்திலே வரி தோன்றச் செய்தார். 1876இல் வாள் அணிதல் சட்டத்தால் தடுக்கப்பட்டபோது இக்கம்மியர் அனைவரும் ஒரேநாளிற் பிழைப்பிழந்தனர். அவருள் தலைசிறந்த கனோ நத்சுவோ ஏற்கனவே புதிய அரசின் நாணய அச்சுக்களைச் செதுக்கியிருந்தார். ஏனையோர் பலர் மேனாட்டார்க்குப் பூச்சாடி செய்து காலங் கழித்தனர்.

இவற்றையெல்லாம் வியந்து பேசும் நம்மவர், நம் பாட்டன் மடியிற் செருகியிருந்த கருவியின் பெயரைக்கூட அறியாதிருப்பதே வியப்பினும் வியப்பு.

பனையோலையில் எழுதுவோர்க்கு இரண்டு தொழில்கள் உண்டு. ஒன்று எழுதுதல், மற்றொன்று ஓலையை வாருதல். பச்சோலையை நரம்பு நீக்கி, ஓரங்களைச் சமமாக அறுத்து, ஏட்டின் அளவுக்குக் கொணர்தலே வாருதல் எனப்படும். அதற்குக் கத்தி வேண்டும். எழுதுதற்கோ கூரிய, ஆனால் அறுக்காத, ஓர் இரும்பு முனை வேண்டும். 'கூரிய ஆனால் அறுக்காத' என்பதைக் கவனிக்க. ஓலையின் மேற்றோலைக் கீறிக் குழி செய்யவேண்டுமேயன்றி நாரை ஊடறுத்துச் செல்லலாகாது. பழைய ஏடுகளில் மெய்யெழுத்துக்களின் புள்ளி பெரும்பாலும் காணப்படாமைக்கு, குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்னும் அச்சமே காரணம் என்பதை நாம் அறிவோம். ஆகவே எழுத்தாணியின் நுனி ஊசிபோற் கூர்மையாக இருத்தலுங் கூடாது, மழுங்கியிருத்தலுங் கூடாது. கூராக்கிய பின் அக்கூரின் உச்சியைச் சிறிதே உருட்டி மெருகிடல் வேண்டும். கத்தியின் தேவை இதற்கு நேர்மாறு. ஒரே கொல்லன், ஒரே உலையில், ஒன்றுக்கொன்று மாறுபட்ட இரண்டு முனைகளை ஆக்கவேண்டியிருந்தது.

மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் (1855 - 1942) தம் சுயசரிதத்திலே தம் இளமைக்காலத்து எழுத்தாணி வகைகளைக் கூறும்போது குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என மூன்றனைக் குறிப்பிடுகின்றார். குண்டெழுத்தாணி கொண்டை பருத்தது, கனமானது. வாரெழுத்தாணி ஒருபுறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலை வாருங் கத்தியும் உடையது, நீளமானது, உறையின்றி எடுத்துச் செல்லுதற்கு ஏலாதது. மூன்றாவதாகிய மடக்கெழுத்தாணியிலும் கத்தியும் எழுத்தாணியும் உண்டு. ஆயின் இரண்டும் ஒரு பிடிக்குள் மடங்கிக்கொள்ளும். மரத்தாலும் கொம்பாலும் தந்தத்தாலும் பிடி செய்வர். மேற்சட்டை அணியாது, சட்டைப்பை என்பதையே அறியாது, இடுப்பு வேட்டியின் மடியிலே உடைமைகளைச் செருகித் திரிந்த ஒரு மக்கட் கூட்டத்திற்கு இரண்டு கூரிய முனைகளைத் தம் வயிற்றருகே சுமந்து செல்லுதல் எத்துணை இடர் என்பதை எண்ணிப் பார்த்தால் மடக்கும் முறை ஏன் பிறந்தது என்பது விளங்கும். அது சொகுசுக்காகப் பிறந்ததன்று.

இனி, அதனைச் செய்யும் வகை. இத்தொழிலிற் கொல்லும் கன்னாரும் தட்டாரும் ஆகிய மூவர் திறமும் சேர்கின்றது. கம்மாளர் ஐவகையினர் எனப்படுவோருள் மூவர் இவர். முதலில் அலகு. உலையிலே துருத்தி ஊத, கரி வெண்மைகலந்த செம்மையாய் எரிய, இரும்பைக் காய்ச்சிச் சம்மட்டியால் அடித்து நீட்டுவர். வாய்ப்பக்கத்திற்கு மாத்திரம் எஃகு வைத்து அடிப்பதும் உண்டு. நம் நாட்டுப்புறக் கொல்லர் அரிவாளுக்கும் கோடரிக்கும் எஃகு வைப்பதும், மிகி நகரத்தார் அலகின் நடுவே எஃகு வைப்பதும் ஒரே அறிவின் இரு கிளைகளே. எஃகு விலை மிகுந்தது, முழுதும் எஃகாயின் எளிதில் முறியும் என்னும் இரண்டு உண்மைகளும் யாவர்க்கும் பொது.

அடித்துருவாக்கி அரத்தால் அராவியபின் தோய்ச்சல். கத்தியின் உயிர் இங்கேதான் இருக்கின்றது. எஃகு செங்கனலாகி ஏறத்தாழ 770 பாகை வெப்பத்தை எட்டும்போது காந்தம் அதனைப் பற்றுவதில்லை. அதற்குச் சற்று மேலே கொணர்ந்து சட்டென நீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால் எஃகு கண்ணாடிபோற் கடினமாகும்; கண்ணாடிபோலவே உடையவுஞ் செய்யும். ஆகவே மீண்டும் இளஞ்சூடு காட்டவேண்டும். மெருகிட்ட பரப்பிலே வைக்கோல் நிறம் ஓடும், அப்பால் பழுப்பு, அப்பால் ஊதா, அப்பால் நீலம். கத்திக்கு வைக்கோல் நிறத்திலே நிறுத்துவர். அது 200 முதல் 250 பாகைக்குள் அமைவது. வெப்பமானி இல்லாத கொல்லன் இதனைக் கண்ணாலேயே அளந்தான். உலைக்களம் எங்கும் அரையிருளாய் இருப்பது ஏன் என்று சிறுவர் கேட்பதுண்டு. வெயிலில் இரும்பின் நிறம் தெரியாது, அதனால்தான்.

அடுத்தது பிடி. கொம்பாயின் நீரிற் கொதிக்கவைத்து இளக்கி நிமிர்த்தலாம். தந்தத்தை அங்ஙனம் செய்தல் இயலாது, அறுத்தே உருவாக்கவேண்டும். பிடியின் உள்ளே அலகும் ஆணியும் அடங்குதற்குரிய பிளவை அறுப்பர். பிளவு ஒரு மயிரளவு அகன்றால் அலகு ஆடும், ஒடுங்கினால் சிக்கும். மடக்குக் கருவி எதற்கும் தேர்வு அதன் மூட்டே. தறையாணியைச் செலுத்தி அதன் தலையைச் சிறு சுத்தியால் தட்டித் தட்டிப் பரப்பும்போது, ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை அலகை விரித்தும் மடக்கியும் பார்க்கவேண்டும். ஓர் அடி மிகுந்தால் இறுகிவிடும். இறுகியதைத் தளர்த்த வழியில்லை. ஆணியை அறுத்தெடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டியதே. இதனாலேதான் அலகுக்கும் பிடிக்கும் இடையே மெல்லிய பித்தளைச் சில்லு வைப்பர். இரும்பும் கொம்பும் நேரே உராயாமல் அது இடைநின்று வழுக்கிக் கொடுக்கும்.

ஈற்றில் நகாசு. பித்தளைப் பூண், வெள்ளிக் குமிழ், கொம்பிற் பதித்த கம்பி, அலகின் முதுகிலே கொடிக்கருக்கு எனப் பலவாறு இது அமையும். உலோகத்தில் உலோகம் பதித்தற்குப் பொதுவழிகள் இரண்டு. ஒன்று, சிற்றுளியாற் பள்ளம் வெட்டி, அப்பள்ளத்தின் அடி வாயினும் அகன்றிருக்குமாறு உட்புறம் குடைந்து, மெல்லிய வெள்ளிக் கம்பியை இட்டு அடித்தல். அடிபட்ட கம்பி பரந்து உட்குடைவிற் புகுந்து பற்றிக்கொள்ளும். பசையும் வேண்டா, பற்றாசும் வேண்டா. மற்றது, இரும்பின் பரப்பைக் குறுக்கும் நெடுக்குமாய்த் துணியின் இழைபோலக் கீறிச் சொரசொரப்பாக்கி, அதன்மேல் மெல்லிய பொற்றகட்டையோ கம்பியையோ வைத்துத் தட்டி ஒட்டச் செய்தல். வடஇந்தியாவிலே இரண்டாவது முறைக்குக் 'கோப்த்கரி' என்று பெயர். யப்பானிலும் இதே முறை உண்டு, அவர்கள் துணியிழை என்னும் பொருள்பட அதற்குப் பெயரிட்டனர். கடலாற் பிரிந்த இரு நாட்டுக் கம்மியர் இரும்பின் மேல் ஒரே முறையைக் கையாண்டது நினைந்து மகிழத்தக்கது.

ஈண்டு ஒன்று நோக்குக. இத்தகைய கத்திகளில் அலங்காரம் எப்பொழுதும் அலகின் முதுகோரத்திலும் அடிப்புறத்திலுமே காணப்படும், வாய்ப்பக்கத்தில் இராது. வாயருகே வேலை செய்தால் சாணை பிடிக்கையில் அழிந்துவிடும் என்பது வெளிப்படை. வேறொரு காரணமும் ஊகிக்கத்தக்கது. தோய்ச்சல் பெற்ற எஃகை உளி தொடாது. வாய்க்கு மட்டும் தோய்ச்சல் கொடுத்து முதுகை மென்மையாக விட்டால், கத்தி முறியாது நிற்கும், உளிக்கும் இடங்கொடுக்கும். யப்பானிய வாட்கொல்லர் முதுகிற் களிமண் பூசித் தோய்த்து அதனை மென்மையாக வைத்திருந்தனர். வாளிற் செதுக்கிய நாகமும் மந்திர எழுத்தும் அம்மென்பகுதியிலேயே அமைந்தன. ஆகவே அழகு எங்கே இருக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது சித்திரக்காரன் விருப்பம் மாத்திரமன்று. எஃகின் இயல்பும் கூடியே தீர்மானித்தது.

பண்டாரவளைக்கு அண்மையில் ஒரு தோட்டத்து வீட்டிலே இத்தகைய கருவி ஒன்றைக் கண்டேன். எருமைக்கொம்புப் பிடி, இருபுறமும் பித்தளைப் பூண், பூணின்மேல் அரைத்தாமரை வெட்டப்பட்டிருந்தது. கத்தி சாணைபட்டுப் பாதியாய்த் தேய்ந்திருந்தது. எழுத்தாணி மடங்கிய இடத்திலேயே துருப்பிடித்து அசையாது நின்றது. வீட்டார் அதனால் வெற்றிலைக் காம்பு கிள்ளினர். மற்றப் பக்கத்து இரும்பு எதற்கென்று அவர்கள் அறியார். புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து முன்னோர் கொண்டுவந்தது என்று மாத்திரம் கூறினர். கடல் கடந்து, மன்னாரிலிருந்து காடு கடந்து மலையேறி வந்தவருள் எழுத்தறிவுடையவர் எவரும் இலர் என்று எழுதுவோர் அந்தத் துருப்பிடித்த ஆணியை ஒருமுறை பார்த்தல் நலம்.

மடக்கெழுத்தாணியின் உறவினர் சுற்றிலும் உளர். மலையாள நாட்டிலே எழுத்தாணியை நாராயம் என்பர். அதனோடு பிச்சாத்தி என்னுஞ் சிறு கத்தியும் துணைசெல்லும். குடகு நாட்டிலே பீச்சேகத்தி என்னும் கத்தி, ஆடவர் திருமண உடையிலே அரைக்கச்சின் முன்புறம் இன்றும் விளங்குவது. வெள்ளியும் பொன்னும் பதித்த உறையும் சங்கிலியும் உடையது. நம் பாக்குவெட்டியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஒரே தறையாணியில் இரு கரங்கள் அசைவது மடக்குக் கத்தியின் தத்துவமன்றி வேறென்? குதிரை, கிளி, மகரம் என அதிற் காட்டப்பட்ட வடிவங்களைத் தொகுத்தால் அதுவே ஒரு தனி நூலாகும்.

ஆயினும் நாம் வாழும் இம்மலைநாட்டில் இக்கலை தன் உச்சியை எய்தியது கண்டி அரசின் 'பிஹகெட்ட' என்னும் கத்தியிலாம். ஊவா அக்காலத்தில் அவ்வரசின் ஒரு திசாவனியாக இருந்தது. பதுளையிலிருந்த திசாவையின் இடுப்பிலும் இக்கத்தி விளங்கியிருக்கும். இது மடங்குவதன்று, கனத்த, முதுகு நேரான, வாய் வளைந்த அலகுடையது. முதுகோரமெங்கும் பித்தளையும் வெள்ளியும் பதித்துக் கொடிவேலை செய்வர். பிடி தந்தம், கொம்பு, பளிங்கு, வெள்ளி, பித்தளை எனப் பலவகை. மரவுறைக்கு வெள்ளிப் பட்டைகள் உண்டு. இவ்வுறையைக் கூர்ந்து பார்ப்பவர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. பல உறைகளிலே கத்திக்குப் பக்கத்தில் இன்னொரு சிறு துளை உண்டு. அதிலே செருகப்படுவது ஓலை எழுதும் எழுத்தாணி! பிரபுவின் கத்தி போர்க்கருவியன்று. ஓலை வாரும் கத்தியின் வழித்தோன்றல் என்று துணிதற்கு இவ்வெழுத்தாணியே போதிய சான்று என்பது என் கருத்து. தமிழன் பிடிக்குள் மடக்கினான். கண்டியான் உறைக்குள் அடக்கினான்.

இவற்றைச் செய்தோர் 'பட்டல் ஹதர' எனப்பட்ட அரசரின் நான்கு பட்டறைகளைச் சேர்ந்த கம்மியர். அந்நான்கனுள் ஒன்றின் பெயர் பொன்வாட் பட்டறை என்பது. அவர்க்குச் சம்பளம் இல்லை; மானியக் காணி உண்டு. காணியை உழுது உண்டு, முறைவைத்து அரசபணி செய்தனர். சிங்களக் கம்மியருள்ளும் ஆச்சாரி என்னும் பெயர் வழங்குவதும், அவர்தம் குலமரபுகள் சில தென்னாட்டை நோக்கிச் செல்வதும், 1739 முதல் கண்டியை ஆண்டவர் நாயக்க வமிசத்தார் ஆனதும் சேர்த்து எண்ணத்தக்கன. 1815இல் அரசு வீழ்ந்தது. 1830களின் தொடக்கத்தில் கோல்புறூக் விதந்துரைப்பின்படி இராசகாரியமும் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்றே, அதனை மறுப்பாரில்லை. ஆனால் யப்பானில் 1876இல் நேர்ந்தது இங்கே அறுபது ஆண்டுக்கு முன்னமே நேர்ந்துவிட்டது: வாங்குவோன் மறைந்தான், செய்வோன் எஞ்சினான்.

எஞ்சியவர்களைத் தேடிச் சென்றவர் ஆனந்த குமாரசுவாமி (1877 - 1947). மண்ணியல் ஆய்வுக்கென வந்த அவ்வறிஞர் பாறையைத் தேடிய பாதையிலே கம்மியரைக் கண்டார். அவர் 1908இல் வெளியிட்ட 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் அலகு, பிடி, உறை, பாக்குவெட்டி யாவற்றையும் வரைந்து விளக்கியதோடு, பலாங்கொடைப் பக்கத்தில் அந்நாளில் எஞ்சியிருந்த முதியோர் இரும்பு உருக்கிய வகையையும் எஃகு ஆக்கிய வகையையும் நேரிற் கண்டு எழுதினார். நூலை 425 பிரதிகளே கையச்சில் அடித்தார். வெளிவாரிப் பட்டப் பரீட்சைக்குப் படிக்கும் நாளில் அதன் பிற்பதிப்பொன்றைப் பார்க்கவே யான் இரண்டு நாள் கொழும்பில் தங்க நேர்ந்தது.

எஃகு ஆக்கும் வகை கேட்டற்கு இனியது. இரும்புத் துண்டை மண்மூசையில் இட்டு, அதனோடு ஆவாரஞ் சுள்ளியை இட்டு, வாயை மண்ணால் அடைத்து உலையில் நெடுநேரம் காய்ச்சுவர். சுள்ளி கரியாக, அக்கரி இரும்பிற் கலந்து எஃகாகும். தென்னிந்தியாவில் எருக்கிலையும் சேர்த்தனர். ஐரோப்பியர் 'வூட்ஸ்' என்று வியந்தது இதனையே. ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அராபிய அறிஞர் அல்கிந்தி வாள்வகைகளை ஆராய்ந்த தம் நூலிலே சரந்தீப வாளையும் ஒரு வகையாகக் கூறினார்.

அந்தச் சரந்தீப இரும்பு எங்கே உருகியது என்பதற்கு விடை நம் ஊருக்கு மிக அண்மையில் இருந்தது. அப்புத்தளை மலைமுடியிலிருந்து தெற்கே நோக்கினால் சமனலவாவி நீர்த்தேக்கம் தோன்றும். அது கட்டப்படுமுன் அப்பகுதியை ஆராய்ந்த கில் ஜூலெவ் என்னும் அம்மையார், மேற்கு நோக்கிய குன்றோரங்களிலே எழுபதுக்கு மேற்பட்ட இடங்களில் பண்டை இரும்புலைகளின் எச்சங்களைக் கண்டார். அவை 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இயங்கியவை. அவற்றுக்குத் துருத்தி இல்லை. ஆனி முதல் ஆவணி ஈறாக மலையிலே மோதும் தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி! அகலத்தில் நீண்ட முன்சுவரின்மேல் காற்று ஏறிச் செல்லும்போது அழுத்தம் குறைந்து, சுவரடித் துளைகளின் வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். இதனை 1994இல் அதேபோன்ற உலை கட்டி, இரும்பும் எஃகும் உருக்கிக் காட்டி, 1996இல் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான ஏட்டில் அவர் வெளியிட்டார். வாசகர் பலர் அப்புத்தளைக் காற்றைக் குடையை மடக்கும் காற்றாகவே அறிவர். அது எஃகை உருக்கிய காற்று.

இத்தகைய நாட்டிலே மடக்கெழுத்தாணி எங்ஙனம் மறைந்தது? கடதாசி வந்தது, அச்சு வந்தது என்பது முதல் விடை. வண்ணார்பண்ணையில் 1849இல் ஆறுமுக நாவலர் அச்சியந்திரம் நிறுவியபோது ஓலைக்கு முடிவுகாலம் தொடங்கிற்று. ஆயினும் அந்நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் அச்சிட்டவற்றுக்கு மூலம் எழுத்தாணி கீறிய ஏடுகளே. இதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. ஒரு கருவி தன் பணி முடித்து ஓய்வுபெறுதல் இயல்பு. யான் வருந்துவது வேறொன்றுக்கு. கருவி மறைந்தபோது அதனைச் செய்த கையறிவு வேறொரு கருவிக்கு இடம்பெயரவில்லை. வாளிழந்த யப்பானியக் கொல்லர் தச்சர் உளிக்கும் பள்ளிச் சிறுவன் கத்திக்கும் தம் அறிவைக் கொடுத்தனர். அவற்றை வாங்க அந்நாட்டில் ஆள் இருந்தது. இங்கே மலைநாட்டுப் புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டியபோது, அதே வழியில் பிறநாட்டுக் கத்தியும் வந்து சேர்ந்தது. கொல்லன் அதற்குப் பிடி போடுபவன் ஆனான். பிறநாட்டார்மீது மட்டும் பழிசுமத்துதல் நேர்மையன்று. ஏட்டைப் போற்றி எழுத்தாணி செய்தவனைத் திண்ணைக்கு வெளியே நிறுத்தியவர் நாமேயல்லமோ? நூல் கற்றவன் கைத்தொழிலைத் தொடலாகாது என்னும் எண்ணம் நம் பாடசாலைகளை இன்னும் விட்டபாடில்லை.

தோட்டத்திலே இன்னொரு நுட்பமும் உண்டு. அலங்காரம் பெற்ற கருவி யாவும் சொந்தக் கருவிகள். தன்னுடையது, தன் மகனுக்குச் செல்வது என்று நினைப்பவனே பூணுக்குத் தாமரை வெட்டக் கேட்பான். பல தோட்டங்களிலே கவ்வாத்துக் கத்தி களஞ்சியத்தில் எண்ணிக் கொடுக்கப்பட்டு எண்ணி வாங்கப்படுவது. அதிலே நகாசு எங்ஙனம் தோன்றும்? ஆயினும் மனிதர் இயல்பை முற்றும் அடக்குதல் அரிது. தேய்ந்து வளைந்த கவ்வாத்துக் கத்திகளின் மரப்பிடியிலே கொடிபோலச் சுற்றிய வெட்டுக் கோடுகளை யான் ஒன்றிரண்டு முறை கண்டதுண்டு. தன் கத்தியை அடையாளம் காண்பதற்கென்று அதற்குரியவர் கூறினார். அடையாளத்திற்கு ஒரு கோடு போதும். அவர் வெட்டியிருந்தது ஒன்பது.

மாணாக்கர் இக்கருவிகளை நேரிற் காண விரும்பின் கொழும்பு, கண்டி நூதனசாலைகளிலே பிஹகெட்டக் கத்திகளையும் எழுத்தாணிகளையும் காணலாம். கண்ணாடிப் பெட்டியின் முன் நிற்கையில் பிடியின் வெள்ளியை மாத்திரம் பார்த்து நகர்ந்துவிடாமல், உறையின் பக்கத்துச் சிறு துளையைத் தேடுக. அலகின் வாய் எவ்வளவு தேய்ந்துள்ளது என்பதையும் நோக்குக. தேய்ந்திருப்பின் அது உழைத்த கத்தி. வீட்டிலே பழைய மடக்கெழுத்தாணி கிடைத்தால் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கவேண்டா. பித்தளை மின்னும், ஆனால் நுண்ணிய வெட்டுவேலை தேயும். துருப்பிடித்த மூட்டை வலிந்து திறத்தலும் ஆகாது, கொம்பு பிளந்துவிடும். மூட்டிலே ஒரு துளி எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் பொறுத்து, மறுபடியும் ஒரு துளி விடுக. ஆணி மெல்ல அசையத் தொடங்கியபின் விரித்து, அதன் நுனியை ஒரு காய்ந்த பனையோலைத் துண்டிலே மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம்.